பேரீச்சை நட்ஸ் உருண்டை சரியா வரலையா? கோளாறு எங்கே என்று பார்த்துவிடலாம்

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டிலாவது பேரீச்சை உருண்டை செய்கிறார்கள் என்றால், பாதியில் எனக்கு ஒரு போன் வரும். "அக்கா, உருண்டை பிடிக்கவே வரலக்கா." அடுத்த வரி எப்போதும் ஒன்றுதான்: "ரெண்டு ஸ்பூன் தண்ணி ஊத்திப் பாத்துட்டேன்."

அந்த இரண்டு ஸ்பூன்தான் என்னை வருந்த வைப்பது. உதிர்ந்த மாவைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. தண்ணீர் ஊற்றிவிட்டால் பதினைந்து நாள் இருக்கவேண்டிய உருண்டை மூன்று நாளில் புளித்த வாடை அடிக்கும். அதனால் என்ன கோளாறு என்று தெரியும்வரை தண்ணீர், பால், நெய், தேன் எதையும் சேர்க்காதீர்கள். கலவையை அப்படியே தட்டில் கொட்டி வைத்துவிட்டு, கீழே உங்கள் வீட்டில் நடப்பது எது என்று தேடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க என் அளவு இது: கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், பாதாம் 50, முந்திரி 50, வால்நட் 30, வெள்ளை எள் 20 கிராம், ஏலக்காய் 2, உப்பு ஒரு சிட்டிகை. நட்ஸை மட்டும் வெறும் வாணலியில் சிறுதீயில் தனித்தனியாகச் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, ஒன்றிரண்டாகப் பொடித்துத் தனியே எடுத்து வைப்பேன். அதே ஜாரில் பழத்தை அரைத்து, இரண்டையும் கையால் பிசைவேன். 25 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 13 அல்லது 14 வரும். வேறு வேலை இல்லை. ஓவனும் வேண்டாம், பாகும் வேண்டாம்.

முதலில் ஒரு சோதனை

நெல்லிக்காய் அளவு கலவையை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். ஐந்து எண்ணியபின் கையைத் திறந்து, கட்டைவிரலால் நடுவில் அழுத்துங்கள்.

பொலபொலவென்று உடைந்தால்: "உதிர்கிறது" பகுதி.
ஓரத்தில் மட்டும் லேசாக விரிசல் விட்டு, உருவம் அப்படியே நின்றால்: கோளாறே இல்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தால் போதும்.
விரலை எடுக்கும்போது கூடவே இழுத்துக்கொண்டு வந்தால்: "ஒட்டுகிறது".
உள்ளங்கை பளபளவென்று எண்ணெயாக மின்னினால்: "எண்ணெய் கக்குகிறது".

உதிர்கிறது, உருண்டை நிற்கவில்லை

பத்துப் போனில் ஏழு இதற்குத்தான் வரும். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

*கலவை குளிர்ந்து கிடக்கிறதா?* ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை அப்படியே அரைத்திருந்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். கலவையை இரண்டு கையாலும் சப்பாத்தி மாவு போல மூன்று நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். கைச்சூட்டிலேயே பழம் இளகிப் பாதிப் பேருக்கு இங்கேயே சரியாகிவிடும்.

*நட்ஸ் துண்டு பெரிதாக இருக்கிறதா?* முழு முந்திரியின் பாதி அளவுத் துண்டு இருந்தால், அதைச் சுற்றித்தான் உருண்டை பிளக்கும். கலவையில் கால்பங்கை மட்டும் எடுத்து, மிக்ஸியில் பல்ஸில் இரண்டு சுற்று விட்டு மறுபடி சேர்த்துப் பிசையுங்கள். முழுவதையும் அரைத்துவிட வேண்டாம், எண்ணெய் விட்டுவிடும்.

*பொடி எதையாவது சேர்த்தீர்களா?* ஓட்ஸ், கோகோ, சத்துமாவு, புரோட்டீன் பவுடர் எல்லாம் பழத்தின் ஈரத்தைக் குடித்துவிடும். 200 கிராம் பழத்துக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் இந்தப் பொடிகள் தாங்காது. அதிகமாகப் போட்டிருந்தால் நாலைந்து பேரீச்சம்பழத்தைத் தனியே அரைத்துச் சேர்ப்பதுதான் வழி.

*பழமே காய்ந்துபோனதா?* ஒரு பழத்தை எடுத்து நடுவில் பிய்த்துப் பாருங்கள். நல்ல பழம் பிய்யும்போது நார் நாராக இழுத்துக்கொண்டு வரும். பழைய பழம் தோல் பேப்பர் மாதிரி சரசரத்துத் தனியே கழன்று, சதை பொடிப்பொடியாக உடையும். அப்படியானால் இட்லிப் பானையை எடுங்கள்.

பானையில் தண்ணீர் கொதித்து ஆவி வந்தபின், தட்டில் உலர்ந்த துணி விரித்து, பழங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். மூடியின் உள்பக்கம் இன்னொரு துணியைக் கட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் ஆவி நீர் சொட்டி, தண்ணீர் ஊற்றியதற்குச் சமமாகிவிடும். 4 நிமிடம் போதும். திறக்கும்போது பழத்தின் சுருக்கம் விரிந்து தோல் கண்ணாடி மாதிரி மின்னும், விரல் வைத்தால் குழையும். உடனே அரைக்காமல் தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் 10 நிமிடம் வையுங்கள். மேலே இருக்கும் பிசுக்கு காய்ந்தபின் அரைத்தால், ஏற்கெனவே உதிர்ந்த கலவையையும் இதனுடன் சேர்த்துப் பிடித்துவிடலாம். ஆவியில் வைத்த பழத்தில் செய்த உருண்டையை மட்டும் வெளியில் வைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவேன்.

*ஆவியிலும் இளகவில்லையா?* நீங்கள் வாங்கியது பேரீச்சங்காயாக இருக்கும். மரம்போல் கெட்டியான, வெளிர்பழுப்பு நிறச் சுருங்கிய காய். அதைப் பாலில் ஊறவைத்துக் குடிக்கலாம், இதற்கு ஆகாது. வேறு பழம் வாங்கத்தான் வேண்டும். உருண்டைக்கு அதிக விலைப் பழமும் தேவையில்லை. மெட்ஜூல் அப்படியே கடித்துச் சாப்பிட அருமை, மிக்ஸியில் போட்டு அரைக்க எனக்கு மனம் வராது. கடையில் நிறுத்துக் கொடுக்கும் நடுத்தர விலைப் பழம், விரலால் அழுத்தினால் அமுங்கி மெதுவாக மேலே எழும்பினால், அது போதும்.

தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் இதைப் படிக்கிறீர்களா? வாணலியில் போட்டுச் சிறுதீயில் ஐந்தாறு நிமிடம் கிளறி ஈரத்தை ஓட்டுங்கள். பிறகு உருட்டி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் சாப்பிட்டுவிடுங்கள். யாருக்கும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

ஒட்டுகிறது, உருட்டி வைத்தால் தட்டையாகிறது

எங்கள் ஊர் கடலூர். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். காலையில் உருட்டியது மாலையில் வடைபோல் உட்கார்ந்திருக்கும். ஆனால் எல்லாப் பழியையும் மழைமேல் போடமுடியாது.

கலவையை மூடி அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். கெட்டிப்பட்டால், உள்ளங்கையில் இரண்டு சொட்டு நெய் மட்டும் தடவி உருட்டிவிடலாம். நெய்யைக் கலவைக்குள் ஊற்றினால் ஒட்டுவது கூடும்.

அரைமணிக்குப் பிறகும் ஒட்டினால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானத்தில் பேரீச்சம்பழத்தோடு குளுக்கோஸ் சிரப் என்றோ சர்க்கரைப்பாகு என்றோ போட்டிருந்தால், பழம் மினுமினுப்பதற்குக் காரணம் அதுதான். சர்க்கரை வேண்டாமென்றுதானே இதைச் செய்ய உட்கார்ந்தோம்? அடுத்தமுறை வேறு வாங்குங்கள். பெட்டியில் ஃபிரிட்ஜில் வைத்து விற்கும் கறுத்த கிமியா பழத்தில் சிரப் இருக்காது, இயல்பிலேயே அது ஈரம் அதிகமுள்ள பழம். அதை மட்டும் வைத்துச் செய்யாமல், பாதிக்குப் பாதி சற்றுக் காய்ந்த ரகத்தோடு கலந்தால் பதம் சரியாக வரும்.

கையில் இருக்கும் கலவையைக் காப்பாற்ற, வறுத்த பொட்டுக்கடலைப் பொடியை ஒரு தேக்கரண்டி, பிசைந்து பார்த்து இன்னொன்று என்று சேருங்கள். மொத்தம் இரண்டு மேசைக்கரண்டியைத் தாண்ட வேண்டாம், பிறகு உருண்டையில் கடலைப்பொடி வாசம்தான் நிற்கும். அதிலும் அடங்காவிட்டால் கலவையை அடிகனமான வாணலியில் ஒரு தேக்கரண்டி நெய்யோடு சிறுதீயில் கிளறுங்கள். மூன்று நாலு நிமிடத்தில் வாணலியில் ஒட்டாமல் அல்வா போலத் திரண்டு வரும். அந்த இடத்தில் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் ஆறியபின் கமர்கட்டு.

எண்ணெய் கக்குகிறது

நட்ஸைச் சூடாக அரைத்திருப்பீர்கள். அல்லது மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டியிருப்பீர்கள். இரண்டும் இல்லையென்றால் நெய்யோ தேங்காய் எண்ணெயோ சேர்த்திருப்பீர்கள். நான்காவது காரணத்தை இதுவரை நான் பார்த்ததில்லை.

வெளியே வந்த எண்ணெய் திரும்ப உள்ளே போகாது. கலவையை ஃபிரிட்ஜில் வைத்துக் கெட்டியாக்கி, வறுத்த கொப்பரைத் துருவலில் புரட்டினால் கையில் ஒட்டாத அளவுக்கு வரும். மிகவும் கூழாகிவிட்டால் உருட்டும் ஆசையை விட்டுவிட்டு பாட்டிலில் போட்டு, சப்பாத்திக்கும் பிரெட்டுக்கும் தடவிக் கொடுங்கள். குழந்தைகள் அதைத்தான் இன்னும் கேட்பார்கள்.

அடுத்தமுறைக்கு: வறுத்த நட்ஸைத் தட்டில் பரப்பி அரைமணி ஆறவிடுங்கள். கையால் தொட்டால் சூடு தெரியாமலிருப்பது போதாது, வாணலியிலேயே விட்டு வைத்தால் அடியில் இருப்பது உள்ளுக்குள் சூடாகத்தான் இருக்கும். பிறகு பல்ஸில் இரண்டு விநாடி, நிறுத்தம், ஜாரைக் குலுக்கல், மறுபடி இரண்டு விநாடி. ஆறேழு முறையில் ஒன்றிரண்டாகிவிடும். வால்நட்டில் பாதிக்குமேல் கொழுப்பு. அதை மிக்ஸியில் போடவே வேண்டாம், கத்தியால் கொத்திச் சேருங்கள்.

மிக்ஸி திணறுகிறது, அல்லது நின்றேவிட்டது

இங்கேதான் உருண்டையின் விலை எகிறும். 200 கிராம் பேரீச்சம்பழத்தை ஒரேயடியாகப் பெரிய ஜாரில் போட்டுச் சுற்றினால், பழம் பந்தாகத் திரண்டு பிளேடைக் கவ்விக்கொள்ளும்.

எதைத் தொடுவதற்கும் முன் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நம்பி ஜாருக்குள் கை விடாதீர்கள்.

மிக்ஸி சத்தமே இல்லாமல் நின்றிருந்தால்: அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளில் அங்கே ஒரு சின்ன ஓவர்லோடு பட்டன் இருக்கும், பலவற்றில் சிவப்பு நிறம். சுமை தாங்காமல் அது வெளியே தள்ளியிருக்கும். 20 நிமிடம் மோட்டாரை ஆறவிட்டு, பட்டனை உள்ளே அழுத்தி, வெறும் மிக்ஸியாக ஓட்டிப் பாருங்கள். ஓடினால் பிழைத்தது. இனி சட்னி ஜாரில் 50 கிராம் 50 கிராமாக, பழத்தை நாலாக நறுக்கிப் போட்டு அரையுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால்: ஜாரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் உள்ள கப்ளரின் பல் தேய்ந்தோ உடைந்தோ இருக்கும். மிக்ஸி ரிப்பேர்க் கடையில் கொஞ்சக் காசில் மாற்றிவிடுவார்கள். பல் நன்றாக இருந்து, கையால் திருப்பினாலும் அசையாவிட்டால், முன்பு அரைத்த பழத்தின் பாகு தண்டில் இறங்கி இறுகியிருக்கிறது. வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுத் திருப்புங்கள்.

ஓடும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். கொட்டை நீக்கியது என்று எழுதிய பாக்கெட்டிலும் ஒன்றிரண்டு கொட்டை இருக்கும். சில்லு உடைந்து கலவையில் போயிருந்தால் அதைத் தேடி எடுப்பது நடக்காத காரியம், கடித்தால் நம் பல் போய்விடும். அந்த அரைப்பைக் கொட்டிவிடுங்கள். எனக்கு ஒருமுறை அப்படி அரைக்கிலோ போயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு பழத்தையும் விரலால் பிளந்து பார்த்துத்தான் போடுகிறேன். பிளக்கும்போது உள்ளே பூச்சி இருந்தாலும் தெரிந்துவிடும்.

பட்டனை அழுத்தியபின்னும் ஓடவில்லை, புகை வந்தது, கருகிய வாடை போகவில்லை, தொட்டால் சுரீரென்கிறது என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். நீங்களே கழற்ற வேண்டாம். அன்றைய உருண்டைக்கு உரலும் உலக்கையும் இருக்கவே இருக்கிறது. இடித்த பேரீச்சையின் பதம் மிக்ஸியில் வருவதைவிட நன்றாகவே இருக்கும்.

கசக்கிறது, காறுகிறது, சிக்கு வாடை அடிக்கிறது

எல்லா உருண்டையிலும் கசப்பா, ஒன்றில் மட்டுமா?

ஒன்றில் மட்டும் சுருக்கென்று கசந்தால், ஒரு கெட்ட பாதாம் விழுந்திருக்கிறது. துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம். எல்லாவற்றிலும் என்றால் எள்ளைச் சந்தேகப்படுங்கள். எள் படபடவென்று இரண்டாவது முறை வெடிக்கும் வரை காத்திருந்தால் கருகிவிடும். முதல் வெடிப்பிலேயே இறக்க வேண்டும். அடுத்தது வால்நட் தோல். சூடேற்றியதும் சுத்தமான துணியில் சுருட்டித் தேய்த்தால் பாதித் தோல் உதிர்ந்துவிடும், கசப்பும் குறையும்.

காறல் வேறு. வாயில் போட்டவுடன் தெரியாது, விழுங்கியபின் தொண்டையில் பிடிக்கும். பழைய எண்ணெய் டின்னைத் திறந்தாற்போல ஒரு வாடை. நட்ஸ் சிக்குப் பிடித்துவிட்டது. வறுத்தால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். வறுத்த அன்று மறையும், மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். அதற்கு வைத்தியம் இல்லை, கொட்டத்தான் வேண்டும். அரைப்பதற்கு முன் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் பச்சையாக மென்று பாருங்கள், அரை நிமிட வேலை. எங்களுக்குப் பண்ருட்டி பக்கம் என்பதால் முந்திரி புதிதாகக் கிடைக்கிறது. வால்நட்டை 100 கிராமுக்கு மேல் வாங்குவதில்லை, வாங்கியதை ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன்.

மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது

பயப்படுமுன் விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்து, ஒரு சொட்டு வெந்நீரில் கரைந்தால் பழத்தின் சர்க்கரை வெளியே வந்து படிந்திருக்கிறது. சாப்பிடலாம்.

பஞ்சுபோல மெத்தென்று இருந்தால், பச்சையோ கறுப்போ புள்ளி தெரிந்தால், மக்கிய வாடை வந்தால் பூஞ்சை. முகர்ந்து முகர்ந்து பார்க்காதீர்கள். அந்த ஒரு உருண்டையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். டப்பாவோடு காலி செய்துவிட வேண்டும். வேர்க்கடலை, பாதாம் போன்றவற்றில் பிடிக்கும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. நூறு இருநூறு ரூபாய்ப் பொருளுக்காக அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம்.

பூஞ்சை அடிக்கடி வந்தால் டப்பாவைக் கவனியுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் திறந்தால் உள்ளே வியர்த்துவிடும், அந்த ஈரத்தோடு மூடி மறுபடி வைப்பதுதான் கெடுப்பது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் பிரித்து வையுங்கள். பச்சைத் தேங்காய்த் துருவலில் புரட்டியதும் காரணமாக இருக்கலாம், கொப்பரைதான் தாங்கும்.

டப்பாவில் நூல், சின்னப் புழு

உருண்டையில் வருவதல்ல, வாங்கிய பழத்திலோ நட்ஸிலோ வந்தது. கயிற்றில் கோத்து விற்கும் அத்திப்பழத்தில் அதிகம். ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்காமல் அத்தியை அரைக்கவே கூடாது. நூல் கட்டியதைக் கொட்டிவிட்டு, பக்கத்து டப்பாக்களையும் பாருங்கள். இனி வாங்கும் நட்ஸை வந்தவுடன் நாலு நாள் ஃபிரீசரில் வைத்து எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத முட்டையும் செத்துவிடும்.

கல்லாக இறுகிவிட்டது

கால்மணி நேரம் வெளியே வையுங்கள். இளகினால் குளிர்தான் காரணம். இளகாவிட்டால் வாணலியில் அதிகம் கிளறிவிட்டீர்கள். உடைத்து, ஆவியில் வைத்த நாலு பழத்தோடு சேர்த்து மறுபடி பிசையுங்கள்.

உருண்டை நன்றாக வந்தது, சாப்பிட்டவருக்கு ஆகவில்லை

உதடு, கண் இமை வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சு இழுப்பது: இதில் எதுவும் நட்ஸ் சாப்பிட்ட சிறிது நேரத்தில் வந்தால் கைவைத்தியம் வேண்டாம். மூச்சு திணறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே 108. தடிப்பு மட்டும் வந்து அடங்கினாலும் மருத்துவரைப் பார்த்து எதனால் என்று தெரிந்துகொள்ளும்வரை அந்த நட்ஸ் வீட்டுக்குள் வரக்கூடாது.

ஆஸ்துமா இருப்பவருக்கு இருமல், இழுப்பு வந்தால், பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஆப்ரிகாட் சேர்த்தீர்களா என்று பாருங்கள். அந்த நிறம் நிற்பதற்குச் சல்ஃபர் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள், சிலருக்கு அது இழுப்பைத் தூண்டும். நிறம் மங்கிய பழுப்பு ஆப்ரிகாட்டில் அது இருக்காது.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு நட்ஸ் துண்டு தொண்டையில் அடைக்கும். அவர்களுக்கு நட்ஸை நைசாகப் பொடித்து, உருட்டாமல் சின்னச் சின்னதாகக் கிள்ளி, உட்காரவைத்துக் கொடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்தது எதுவும் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் "சீனி போடலையே" என்று மூன்று நாலு எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். 100 கிராம் பேரீச்சையில் ஏறக்குறைய 65 கிராம் சர்க்கரைதான். என் அளவில் செய்த ஒரு உருண்டையிலேயே ஒன்பது கிராமுக்கு மேல் வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதிலுள்ள பொட்டாசியமும் தொந்தரவு. இரண்டு பேரும் எத்தனை சாப்பிடலாம் என்பதை அவர்களைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்லவேண்டும், நான் சொல்லக்கூடாது.

நன்றாக வந்ததும் விற்கலாமே என்று தோன்றும். விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். எத்தனை நாள் தாங்கும் என்று ஆய்வகத்தில் பார்த்துத்தான் லேபிளில் போடவேண்டும். தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்னும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இந்த மாதிரிப் பரிசோதனைக்கும் சிறுதொழில் பயிற்சிக்கும் வழி இருக்கிறது. நான் விற்பதில்லை. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும்போது மட்டும், டப்பா மூடியில் உள்ளே என்னென்ன நட்ஸ், என்றைக்குச் செய்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுகிறேன்.